கோட்டுக்கு உள்ளே

பந்து அவன் காலடியில் நின்றது.

மைதானமும் நின்றது.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. ஜெயித்தால் அவன் பயிற்சி தரும் அணி ஸ்லோவாக் கால்பந்தின் முதல் பிரிவில் தங்கும். சமனில் முடிந்தாலும் கீழ்ப் பிரிவுக்குப் போகும்.

ஒரு நொடி முன்புதான் பந்து விளிம்புக் கோட்டை ஒட்டி உருண்டு வந்தது. அணியின் வலதுபக்க ஆட்டக்காரன் ரிகார்ட் அதைத் துரத்தி வந்தான்.

வெளியே போய்விடும் என்று பட்டது. போனால் ஓடுபாதையைத் தாண்டி விளம்பரப் பலகைவரை உருளும். எடுத்து வரப் பத்து நொடி.

பயிற்சியாளர் நிற்க வேண்டிய கட்டத்திலிருந்து அவன் காலை நீட்டினான். தோல் ஷூவின் உள்பக்கத்தில் பந்து பூனைபோல் வந்து ஒட்டிக்கொண்டது.

பதினேழு வருடம் முன்கள ஆட்டக்காரன். நூற்றுச் சொச்சம் கோல். யாருக்கும் பாஸ் கொடுக்காதவன் என்ற பெயர். ஆட்டத்தை விட்டுப் பத்து வருடம், பயிற்சியாளனாகி மூன்று வருடம்.

குனிந்து பார்த்தான்.

பந்துக்கு அடியில் வெள்ளைக் கோடு.

முழுதாக வெளியே போகாத பந்து ஆட்டத்தில் இருக்கும் பந்து. வெளியாள் தொடக் கூடாது.

நிமிர்ந்தான். எதிரணித் தடுப்பாட்டக்காரன் சறுக்கிக் குப்புறக் கிடந்தான். ரிகார்டுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் ஒருவருமில்லை. வெறும் புல்.

விசில்.

கேலரியிலிருந்து ஒரு குரல். "அவர் ரிட்டயர் ஆகி பத்து வருஷமாச்சு. யாராச்சும் அவருக்குச் சொல்லுங்கப்பா."

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. சிரித்தவர்களும் அவன் அணியின் ஊர்க்காரர்கள்தான்.

எதிரணிக்கு ஃப்ரீ கிக். அவனுக்குச் சிவப்பு அட்டை. நடுவர் அவன் முகத்தைப் பார்க்காமல் காட்டினார்.

உதவிப் பயிற்சியாளர் பொஹுஷ் அவன் முழங்கையைப் பிடித்துச் சுரங்கப்பாதைப் பக்கம் திருப்பினார். "போங்க கோச். நின்னா இன்னும் கேவலம்."

உடைமாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்தான். சுவருக்கு அப்பால் ஆறாயிரம் பேர். கோல் என்று ஒரு கத்தல் கேட்டால் போதும். ஒரே ஒரு கத்தல்.

நீண்ட விசில் கேட்டது.

அதற்குப் பிறகு பூட்ஸ் சத்தம். அவசரமில்லாமல்.

ஒருவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தான், குடிக்கவில்லை. ரிகார்ட் வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் பந்தை எட்ட மாட்டேன்னு நெனச்சீங்களா, கோச்?"

கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ரிகார்ட் அந்தப் பக்கத்தில் ஓடி வந்ததை அவன் பார்த்திருந்தான். பந்தைப் பார்த்த அளவுக்குப் பார்க்கவில்லை.

 

பெஞ்சிலிருந்து இறங்கி ஈரத் தரையில் முழங்காலிட்டான். ரிகார்டின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினான்.

ரிகார்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை மட்டும் இழுத்துக்கொண்டான்.