அப்பாவின் பங்கு

அந்த வீட்டுக்கு ரேஷனில் கிடைத்தது ஒரே ஒரு இணைய லைன். உள்ளறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று இரண்டு கேட்வே பெட்டிகள் அதைப் பங்கிட்டுக்கொண்டன. உள்ளறையில் படுத்திருந்த செவந்தியின் கணவருடைய இதயத்தை மருத்துவமனை தூரத்திலிருந்தே அந்த லைன் வழியாகத்தான் ஓட்டியது. அதற்குப் போக மிச்சமிருந்தால் கூடத்துக்கு என்று அவளே அமைத்திருந்தாள். அதனால் ஆஸ்லோவிலிருந்து மகள் காட்டும் கைக்குழந்தையின் முகம் திரையில் எப்போதும் கலங்கலாகவே இருக்கும்.

இன்று பேசிக்கொண்டிருக்கும்போதே படம் பளிச்சென்று தெளிந்தது. சிரித்த குழந்தையின் கன்னத்தில் குழி விழுந்தது. கணவருடைய அதே குழி.

"அம்மா! உன் மூக்குத்தி மின்னுறதுகூடத் தெரியுது. லைனைக் கூட்டிட்டாங்களா?"

செவந்தி உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லடி... உங்கப்பா அவரு பங்கை விட்டுக்குடுத்துட்டாரு."