பெருவிரல்

“நம்பர் தெரியாம இதைத் தொறக்க முடியாதுக்கா. மீறித் தொறந்தா உள்ள இருக்கது பூராவும் அழிஞ்சிரும்” என்றான் போன் ரிப்பேர் கடை முகம்மது யூசுப்.

யோகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரத வீதி வெயிலில் ஓடிவந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

“அழிச்சிராத தம்பி. கொஞ்சம் முன்ன வரைக்கும் ரேகை வச்சா தொறந்துச்சே?”

“அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆயிருக்குல்லா? அப்படி ஆனா முதல்ல நம்பரத்தான் கேக்கும். யாரு போட்டது அப்டேட்?”

“நாந்தான். டைப் பண்ணிட்டிருக்கும்போது ஒரு பொட்டி வந்து மறைச்சுது. போய்த் தொலையட்டும்னு தொட்டுட்டேன். அணைஞ்சு எரிஞ்சு, இப்ப இப்படி நிக்கி.”

“போன் யாருது?”

“எங்க வீட்டுல அவுகளது.”

“அப்ப அவுககிட்டயே கேளுங்க.”

“தூங்குதாவ.”

யூசுப் போனைக் கண்ணாடி மேசைமேல் மெதுவாக நகர்த்தி வைத்தான். “அக்கா, புருசன் போனை நோண்டுத கேஸ் எனக்கு வேண்டாம். போன வருசம் ஒரு வீட்டுச் சண்டையில என் கடைக் கண்ணாடி போச்சு.”

அவன் நினைப்பது புரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

உண்மை இதுதான். தானே ஒருவனைத் தேடி மணந்துகொண்டு திருப்பூர் போன மகள் காவியா, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து வாசலில் நின்றாள். அவளுடைய அப்பா சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். “அப்பா ஒரு வார்த்தை பேசினாப் போதும்மா” என்று போனில் அவள் அழுத மறுநாள், யோகலட்சுமி அந்த வேலையைத் தொடங்கினாள்.

அவர் தறிக்கூடத்தில் இரவு ஷிப்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டார். முன்பெல்லாம் கைகளைத் தலைக்குக் கீழே கொடுத்துத் தூங்குகிறவர். கொஞ்ச நாளாக வலது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கினார். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. பெருவிரலில் போனை ஒற்றித் திறந்து, அவர் எழுதுவதுபோல் எழுதுவாள்.

‘சாப்ட்டியா மக்கா. வெயில்ல அலையாத.’

‘மசக்கைக்கு மாதுளம்பழம் சாப்பிடு. அப்பா வேலைக்குப் போறேன்.’

மகளின் பதிலைப் படித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். சில நாள் அந்த எழுத்துகளைப் பார்க்க அவளுக்கே பொறாமையாக இருக்கும். இவ்வளவு பிரியமாகப் பேசுகிற மனிதரோடு இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் வாழ்ந்ததில்லை.

இன்று போனைத் திறந்தபோது காலையிலேயே வந்த செய்தி காத்திருந்தது. ‘நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்காங்கப்பா. பயமா இருக்கு. வருவீங்களா?’

என்ன எழுதுவது? வருகிறேன் என்றால் பொய். வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அந்தத் தவிப்பில்தான் அந்தப் பெட்டியைத் தொட்டாள்.

“கல்யாண நாளைப் போட்டுப் பாரு தம்பி.”

தவறு என்றது போன்.

“அவுக பைக் நம்பரு?”

அதுவும் தவறு.

“இன்னும் தப்பாப் போட்டா போனு கோவிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாதுக்கா.”

“அவுக போன்தான, வேற எப்படி இருக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனை முந்தானையில் பொதிந்துகொண்டு இறங்கினாள்.

நாலு மணிக்குள் வீடு சேர எட்டி நடந்தாள். அவர் எழுந்து நம்பரைப் போட்டதும் அழிக்காத செய்தி கண்முன் நிற்கும். ‘என் பேருல எழுத நீ யாருட்டி?’ என்று இவளிடம் கத்திவிட்டு, மகளுக்கே போன் போட்டு, எழுதியது நான் இல்லை என்று சொல்லிவிடுவார். நாளைக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண். அவள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கயிறு அது.

வீட்டுக்குள் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். வலது கை எப்போதும்போல வெளியே தொங்கியது. ஒருவேளை இப்போது எடுக்குமோ என்ற நப்பாசையில், மண்டியிட்டு உட்கார்ந்து அந்தப் பெருவிரலில் போனை ஒற்றினாள். அது மறுபடியும் நம்பரைக் கேட்டது. இன்னொரு தடவை ஒற்றினாள்.

“ரீஸ்டார்ட் ஆனா வெரலு எடுக்காதுட்டி” என்றார் சுடலைமணி, கண்ணைத் திறக்காமல். “நம்பரைச் சொல்லுதேன், போடு. புள்ளைகிட்ட, நாளைக்கு அப்பா வாரேன்னு எழுது. நீ எழுதுத மாதிரி எனக்கு எழுத வராது.”