வெயில் பட்ட கயிறு

“வீட்டுக் கூரைக்கு மேல சாஞ்ச மாமரம், மொதலாளி. கொப்பைக் கட்டி மெதுவா எறக்கணும். நல்ல கயிறா குடுங்க,” என்றார் மரம் வெட்டும் ராஜலிங்கம்.

வத்தேகமையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஜவாஹிர், வாசலில் மாதக்கணக்காக வெயிலில் தொங்கிய நைலோன் சுருளைக் கழற்றினார். வெளுத்து நைந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்தார். புதுச் சுருள் இருக்கத்தான் செய்தது. ஆனால் இதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டுமே.

“இதுல யானையையே கட்டலாம்.”

“வீட்டம்மா ரொம்ப பயப்படுறாங்க. கயிறு தாங்குமான்னு கேப்பாங்க.”

“ஜவாஹிர் கடைக் கயிறுன்னு சொல்லுங்க.”

லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது, குண்டசாலை வீட்டிலிருந்து மனைவி பஸ்லினா அழைத்தாள்.

“நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டீங்களே, அந்த மாமரத்த வெட்ட நானே ஆள் கூப்பிட்டேன். இப்ப கொப்புல கயிறு கட்டிட்டாங்க.”

ஜவாஹிர் வாசலில் அந்தச் சுருள் தொங்கிய இடத்தைப் பார்த்தார்.

“மகளத் தூக்கிட்டு வெளிய போ.”

“பயந்து வெளியதான் நின்னோம். நம்மட கடைக் கயிறுன்னு சொன்ன பொறகுதான் நிம்மதியாச்சு. மகள உள்ள தூங்க வச்சிட்டேன்.”

அவர் போட்ட கூச்சல், மெஷின் வாளின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.