தொழில் தெரியாத திருடன்

"இவனெல்லாம் எதுக்குய்யா திருட வர்றான்?" என்று மாப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டார்.

காரின் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கித் தெருவில் கிடந்தது. ஆனால் முன்சீட்டில் பரிசுப் பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. கூலிங் கிளாஸ் இருந்தது. சில்லறைகூட அப்படியே இருந்தது.

திருடன் கை வைத்தது ஒன்றே ஒன்றில்தான். பின்சீட்டில் தலை சாய்க்கும் திண்டைக் கம்பியோடு உருவியிருந்தான். அதையாவது கொண்டு போனானா என்றால் அதுவும் இல்லை, சீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும் சனியன் என்று விட்டுவிடலாம். ஆனால் கார் மாமியாருடையது.

மாமியாருக்கு மாப்பிள்ளை மேல் பாசம் உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. குடை கொடுத்தால் குடை காணாமல் போகும், டார்ச் லைட் கொடுத்தால் டார்ச் லைட். 'ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாத மனுஷன்' என்பது அவர் சூட்டிய பட்டம். இருந்தும் முழங்கால் வலியால் இனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆனதும் நேற்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நாளைக்குக் கல்யாணத்துக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. ஒரு கீறல் இல்லாமத் திரும்பி வந்தா சாவியை நீங்களே வெச்சுக்கலாம். ஆனா நீங்க ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கற தைரியம் எனக்கில்லை. நான் என் பையன் கார்லயே வந்துக்கறேன்."

விடியுமுன்னே இரண்டு கார்களும் கிளம்பின. வழி நெடுக மாப்பிள்ளைக்கும் மனைவிக்கும் சண்டை. மண்டப வாசலில் இடமில்லாததால் இரண்டு தெரு தள்ளி மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சண்டையை முடிக்காமலே, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினார்கள். மறந்துபோன பரிசுப் பெட்டியை எடுக்க வந்தபோதுதான் இந்தக் கண்றாவி.

மாப்பிள்ளை மனைவிக்குப் போன் போட்டார்.

"ஐயையோ! அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். சாவியை மறந்துட வேண்டியதுதான்!"

"உங்கம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"கூட்டத்துல எங்கயாவது இருப்பாங்க, நான் இன்னும் பார்க்கலை. அவங்க போன் வேற தம்பிகிட்ட இருக்கு. அவங்க கண்ணுல படறதுக்குள்ள கண்ணாடியை மாத்திட்டு வந்துடுங்க. நான் இங்க சமாளிச்சுக்கறேன்."

"நீயா? வாயைத் தொறந்தாலே உளறிடுவியே!"

"போனை வைங்க முதல்ல!"

கார் கண்ணாடிக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடலுக்குப் புதுசு வரவழைக்கணும் சார். ரெண்டு நாளாகும்."

"பந்தி முடியறதுக்குள்ள வேணுங்க. மாமியார் கார்."

கடைக்காரரின் முகமே மாறிவிட்டது. "இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று எழுந்து ஓடி, ஏதோ பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தார். லேசாகப் பச்சை அடித்தது. பரவாயில்லை என்று பொருத்தச் சொன்னார் மாப்பிள்ளை.

"என்ன சார், இந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குதே?"

"சைல்டு லாக். மச்சான் பையன் ஓடற வண்டியில கதவைத் திறக்கறான்னு அத்தைதான் போட்டு வெச்சாங்க."

"திருடன் என்னத்தை எடுத்தான்?"

"ஒரு மண்ணும் எடுக்கலை. சோம்பேறிப் பய. உடைச்சதுமே அலுத்துப்போயிட்டான் போல."

போன் அடித்தது. மனைவிதான். வேலை நடக்கும்போது நச்சரிக்கிறாளே என்று துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார். கடைசியில் போனையே அணைத்துப் பையில் போட்டார். சீட்டைத் துடைத்து, திண்டை இருந்த இடத்தில் செருகி, விசில் அடித்துக்கொண்டே வண்டியை மண்டப வாசலுக்கே ஓட்டி வந்தார்.

வாசலிலேயே நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். புடவை கசங்கி, கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரு புறமும் மகளும் மகனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க மாப்பிள்ளை. இந்தக் கண்ணாடி மட்டும் என்ன பச்சையா இருக்கு?"

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு வந்த சாவி போனது போனதுதான். இனி மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

"அத்தை, சத்தியமா என் மேல தப்பில்லை. நல்லாப் பூட்டிட்டுத்தான் போனேன், ஒண்ணுக்கு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். எவனோ ஒரு கேடுகெட்ட ஜென்மம் வந்து உடைச்சிருக்கு!"

மனைவி 'வேண்டாம், வேண்டாம்' என்று கையை ஆட்டினாள். மாப்பிள்ளை அவள் பக்கமே திரும்பவில்லை.

"அது மட்டும் என் கையில சிக்கட்டும் அத்தை, தோலை உரிச்சுத் தொங்க விட்டுடறேன்!"

மச்சான் மெல்ல இருமினான். "மாமா, என் கார்ல இடமில்லைன்னு அம்மா காலையில..."

"நீ சும்மா இருடா," என்று மகனை அடக்கிவிட்டு, மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மாத்திரை போட்டுத் தூங்கினவளைப் பின்சீட்டுல வெச்சுப் பூட்டிட்டுப் போனா, நான் வேற எப்படி மாப்பிள்ளை வெளியே வர்றது?"