பல்புக்குக் கீழே

"செருப்ப வெளியவே விட்டுட்டு, கையக் கழுவிட்டு வாக்கா. பொறந்து ஒரு வாரங்கூட ஆகல. ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா ஒண்ணுகூடத் தங்காது."

அக்கா கழுவிக்கொண்டாள்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா உள்ளறையில் இருந்தாள். இனி தன்னால் முடியாது, நீ கூட்டிக்கொண்டு போ என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். அதைப் பேசி முடிக்கத்தான் அக்கா வந்திருந்தாள்.

ஆனால் இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கோழிக்குஞ்சு தரிசனம்தான். குடும்பத்தில் அவனுக்குப் பேராசிரியர் என்று பெயர். எந்தக் கல்லூரியும் அந்தத் தவறைச் செய்யவில்லை. அது அவன் வாய் வாங்கிக்கொடுத்த பட்டம்.

கூடத்தின் நடுவில் பெரிய அட்டைப்பெட்டி. அதற்கு மேலே தொங்கவிட்ட பல்பு. பெட்டியைப் பாதி போர்த்தியிருந்த கம்பளிச் சால்வை, அம்மாவுக்கென்று அக்கா அனுப்பியது.

"அம்மாவுக்கு உறுத்துதாம்," என்றான், அவள் கேட்பதற்குள்.

பிறகு வகுப்பு தொடங்கியது.

வெறும் காகிதம் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும், வாழ்நாளெல்லாம் நொண்டிதான், ஆகவே மரத்தூள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள், விழுந்து மூழ்கிவிடாமலிருக்க. பல்புக்கடியில் முண்டியடித்தால் குளிர்கிறது என்று பொருள், மூலைக்கு ஓடினால் வெக்கை.

"பின்னாடி எச்சம் காஞ்சு ஒட்டிக்கும்க்கா. அடைச்சிக்கிட்டா உயிரே போயிடும். வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் பஞ்சு. இழுக்கவே கூடாது, ஊறவிட்டுத் துடைக்கணும். காலைல, சாயங்காலம், எல்லாம் நானேதான்."

"அருவருப்பா இல்லையாடா உனக்கு?"

"அதெல்லாம் பாத்தா ஒரு உயிரக் காப்பாத்த முடியுமாக்கா?"

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினான். மேடைப் பேச்சாளர்கள் கைதட்டலுக்கு இடம்விடுவார்களே, அந்த நிறுத்தம்.

அப்போது மெலிதாக ஒரு சத்தம் வந்தது.

இருவரும் பெட்டிக்குள் குனிந்தார்கள்.

எட்டுக் குஞ்சுகளும் வெளிச்சத்தில் பரவிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் அதே சத்தம். இந்த முறை 'தண்ணி' என்று தெளிவாகவே கேட்டது.

இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காதான் முதலில் நிமிர்ந்தாள். தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நேர்ல வந்தது நல்லதாப் போச்சுடா. இல்லேன்னா போன்ல நீ சொன்னதையே நம்பிட்டு இருந்திருப்பேன். வாயில்லாத ஜீவனுக்கே இவ்வளவு பண்றவன், பெத்தவள விட்டுடவா போற? எனக்கெல்லாம் இந்தப் பொறுமை சாமி சத்தியமா வராது. அம்மா இங்கயே இருக்கட்டும்."

பேராசிரியர் வாயைத் திறந்தார். பாடம் முழுவதையும் அவரே நடத்தி முடித்திருந்தார். எதிர்த்துச் சொல்ல ஒரு பாயின்ட்கூட மிச்சம் வைத்திருக்கவில்லை.

"அதுக்கில்லக்கா..."

"மெதுவாப் பேசுடா. அம்மா தூங்கறாங்க பாரு."

சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வாசலில் டாக்சி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று இறங்கும்போதே டிரைவரிடம் சொல்லியிருந்தாள்.