மூடியைத் தொடாதீங்க சார்!

“மூடியை மட்டும் தொடாதீங்க சார். ஆறு மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருங்க, போதும்.”

ஆராய்ச்சி மாணவி சொல்லிவிட்டு, படிவங்களை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். பேராசிரியர் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

சூடான எண்ணெய்த் தொட்டியில் கண்ணாடிக் குடுவை சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது. ரப்பர் மூடிக்கு அடியில் கோடானுகோடி பாலிமர் சங்கிலிகள் வளர வேண்டும். கண் விழித்து ஒரு கண்ணியைக் கோத்துக்கொள்ளும், தூங்கிவிடும், மறுபடி விழிக்கும். இப்படி நிதானமாக வளர்ந்தால்தான் எல்லாம் ஒரே நீளத்தில் வரும். நடுவில் துளிக் காற்று நுழைந்தால் போச்சு. வளர்ந்த மட்டில் செத்துப்போகும்.

ஏற்கெனவே இரண்டு முறை செத்திருந்தது. சங்கிலிகளின் நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் ஊசி போல ஒரு சிகரம் வரவேண்டிய இடத்தில் ஒட்டகத்தின் முதுகு வந்தது. இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் வினையூக்கி மிச்சம். இதுவும் கெட்டால் அவளுடைய ஐந்து வருட உழைப்பு, பட்டம், அடுத்த வாரம் சேர வேண்டிய வேலை எல்லாம் அம்போ.

“எங்கே தப்புன்னே தெரியலையே சார்” என்று அவள் கண் கலங்கியபோதெல்லாம், “எனக்கும் புரியலம்மா” என்று அவரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். புரியாமல் என்ன? திறந்து பார்த்தவரே அவர்தானே!

மனுஷன் தங்கமானவர். கைதான் சொன்ன பேச்சைக் கேட்காது.

முதல் மணி நேரம் பிரார்த்தனை செய்தார். இரண்டாவது மணி நேரம் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார். மூன்றாவதில், ‘உள்ளே ஒண்ணுமே நடக்கலையோ?’ என்று தோன்றிவிட்டது. தோன்றி முடிப்பதற்குள் கை மூடியை எடுத்துவிட்டது.

டப்!

கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. மனம் குளிர்ந்தது. அடுத்த கணமே மூடியை அழுத்தி வைத்தார்.

மாணவி எட்டிப் பார்த்தாள். “சமத்தா இருக்கீங்களா சார்?”

“என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் கை இன்னும் இரண்டு தடவை அவரை ஏமாற்றியது.

ஆறு மணி நேரம் முடிந்ததும் அவள் குடுவையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் நடைகூடத்து பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்தார். ‘ஆண்டவா, அந்தப் பொண்ணைக் காப்பாத்து. என்னை அப்புறமா வச்சு வாங்கிக்கோ.’

ஒரு மணி நேரம் கழித்து அவள் காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “வந்துடுச்சு சார்! எல்லாம் ஒரே நீளம்!”

வரைபடத்தில் ஊசி போல ஒற்றைச் சிகரம். பேராசிரியருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்தது. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அம்மா, ஆறு மணி நேரம் திறக்கவே இல்லைன்னு நீ எழுதுவே. அது பொய்யாப் போயிடும். இன்னிக்கு நான் மூணு தடவை திறந்தேன். போன ரெண்டு தடவை கெட்டுப்போனதுக்கும் நான்தான் காரணம். என்னை மன்னிச்சுடு.”

அவள் முகத்தில் கோபமே இல்லை. “தாராளமா எழுதலாம் சார். நிஜக் குடுவை காலையிலேருந்து பக்கத்து ரூம்ல பூட்டுக்குள்ள இருந்துது. நீங்க திறந்தது கோந்துத் தண்ணி.”

பேராசிரியர் வாயைப் பிளந்தார். “அடேயப்பா! இது உன் யோசனையா?”

“இல்ல சார், உங்க வீட்டம்மா சொல்லிக்கொடுத்தாங்க. இருபது வருஷமா அவங்க அடுப்புல எப்பவும் ரெண்டு பாத்திரம் வைக்கிறாங்களாமே... ஒண்ணு சமையலுக்கு, இன்னொண்ணு நீங்க திறந்து பார்க்கிறதுக்கு!”