அந்த நாலு பேரில் ஒருவர்

அல்மாத்தியில், குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் தயாரிக்கும் ஆலை. அதன் முதலாளி தௌரெனும் சோதனைக்கூடத்து ஷோல்பானும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கெட்டுப்போன சரக்கக் கொட்டினா ஆலைய மூடணும் தங்கச்சி. வித்தா நாலு பேருக்கு வயித்த வலிக்கும், நூறு குடும்பம் பிழைக்கும். கூட்டிக் கழிச்சுப் பாரு, எது நியாயம்?”

ஷோல்பான் ஒரு கிண்ணம் குமிஸை இரு கைகளாலும் நீட்டினாள். அப்படி நீட்டியதை மறுப்பது அங்கே பெரிய அவமரியாதை.

“அந்த நாலு பேர்ல ஒருத்தரா நீங்க இருங்கண்ணே. அப்புறம் விக்கலாம்.”

கிண்ணம் உதடு வரை போய் நின்றது. தௌரென் அதை மெல்லக் கீழே வைத்தார்.

“எல்லாத்தையும் கொட்டச் சொல்லு.”

ஷோல்பான் அதே கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்து முடித்தாள்.

“அத நேத்தே கொட்டிட்டேண்ணே. இது எங்க வீட்டுக் குதிரையோடது.”